நாலாவது ஆமென்

அந்த வீட்டில் எதையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் வழக்கம் கிடையாது. மாமனார் சாப்பாட்டு ஜெபத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். விஷயம் முடிந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளுக்கு இது பிடிபடவே இல்லை. ஒருநாள் மாமனார் கண்களை இறுக மூடிக்கொண்டு, "பழைய ஃபிரிட்ஜை நல்ல கைகளில் ஒப்படைக்க உதவினீரே, உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஃபிரிட்ஜ் அதே மூலையில் உறுமிக்கொண்டு நின்றது. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அங்கே சதுரமாய் ஒரு அழுக்குத் தடம்தான் மிச்சம். நாத்தனார் கல்லூரியில் என்ன படிக்க வேண்டும் என்பதும் இப்படித்தான் முடிவானது.

கேட்டால், "நடக்கும்னு நம்பறவன் முன்னாடியே நன்றி சொல்லிடுவான். அதுதான் விசுவாசம்" என்பார். எதிர்த்துப் பேசவும் வழியில்லை. ஜெபத்தின் நடுவில் வாயைத் திறந்தால் ஆண்டவருக்கே குறுக்கே பேசியதாக ஆகிவிடும். முடிந்தபிறகு திறந்தாலோ, "நீ ஆமென் சொன்னியா இல்லையா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்.

பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒலிபெருக்கியில் பேசிப் பேசியே ஊறிப்போன குரல். கடைசி ஆள் ஏறும்வரை விசில் கொடுக்காத அந்த மனிதர், வீட்டிலும் ஒவ்வொருவருடைய ஆமெனும் காதில் விழும்வரை கண்ணைத் திறக்கமாட்டார். அவர் கண் திறக்காமல் யாரும் கரண்டியைத் தொட முடியாது.

மருமகளை வீட்டில் எல்லோரும் மிளகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் சின்னது, காரம் பெரியது என்று கணவன் வைத்த பெயர். செயற்கைப் பல் செய்யும் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் சுட்டு எடுப்பாள். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டிப்போகாவிட்டால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் முதலாளியம்மா வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, பீங்கான் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும்.

கணவனிடம் சொன்னபோது அவன் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். லிஃப்ட் மெக்கானிக். கை இரும்பு மாதிரி இருக்கும்.

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே."

சொல்லவும் செய்தான். அப்பா கோபப்படவில்லை. "ஜெபம் பண்ணுவோம்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதுமே அவளுக்கு அந்தப் பழைய ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பி எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு ஆவி பறந்தது. மாமியார் பொரித்த மீனைத் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல நாற்காலியில் இறங்கினார். மாமனார் கைகளைக் கோத்தார். எல்லோருடைய கண்களும் மூடின.

உணவுக்கு நன்றி சொன்னார். மழைக்கு நன்றி சொன்னார். வியாதியஸ்தர்களை, விதவைகளை, கப்பலில் வேலை செய்பவர்களை எல்லாம் வரிசையாக நினைவுகூர்ந்தார். நாத்தனாரின் வயிறு சத்தம் போட்டது. பிறகு குரல் ஒரு படி ஏறியது.

"எங்கள் மருமகளுக்கு நல்ல சிந்தையைத் தந்தீரே, ஸ்தோத்திரம். அடுத்த மாதம் அவள் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நடக்கும் வேளையில், வேலையை விட்டு நின்று வீட்டைக் கவனிக்க அவளே மனப்பூர்வமாய் முன்வந்தாளே, அதற்காக உமக்குக் கோடி ஸ்தோத்திரம். ஆமென்."

"ஆமென்" என்றார் மாமியார்.

"ஆமென்" என்றாள் நாத்தனார்.

"ஆமென்" என்றான் கணவன்.

மாமனாரின் ஜெபம் அவளைச் சுட்டது. ஆனால் கணவனின் ஆமென்தான் பற்ற வைத்தது. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. முந்தாநாள் தூக்கிச் சுற்றிய அதே ஆள்!

அவள் கண்ணைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

மாமனார் காத்திருந்தார். நாலாவது ஆமென் வரவில்லை. தொண்டையைச் செருமினார். "ஆமென்" என்று இன்னொரு தரம் எடுத்துக் கொடுத்தார்.

"மிளகு, சொல்லிடும்மா. மீன் ஆறுது" என்று மாமியார் கிசுகிசுத்தார்.

"ஜெபத்துல பேச்சு எதுக்கு?" என்று மாமனார் கண்ணை மூடியபடியே அதட்டினார்.

சரி, ஜெபத்தில் ஆண்டவரிடம் பேசலாம் அல்லவா? அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, நான் முன்வரலை. என்கிட்ட யாரும் கேக்கவே இல்லை. கேக்காமலே உம்மகிட்ட வந்து நான் ஒத்துக்கிட்டதா சொல்றாங்க. எனக்கு முன்னாடியே, என்னைப் பத்தியே, உம்மகிட்டயே பொய். நான் வேலையை விடலை. நாளைக்குப் புதுப் பொறுப்பை எடுத்துக்கப் போறேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஜெபத்தைச் சண்டையாக்குறியா?"

"அதை நீங்கதான் மாமா ஆரம்பிச்சீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு சும்மாதான் இருந்தேன்."

"பாருடா உன் பொண்டாட்டி பேச்சை! ஒரு பல்லு கம்பெனிக்கு இவ்வளவு திமிரா?"

"அந்தப் பல்லாலதான்பா நீங்க மீனே கடிக்கிறீங்க. அண்ணி செஞ்சு கொடுத்தது" என்று நாத்தனார் தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"வாயை மூடு!"

கணவன் எழுந்தும் எழாமலும் நின்றான். "மிளகு, கொஞ்சம் பொறு. அப்பா ஏதோ ஒரு இதுல..."

"நீங்க எதுக்கு ஆமென் சொன்னீங்க?"

"அது... அவர் நிறுத்தினார். பழக்கத்துல வந்துடுச்சு."

"என்ன காதுல விழுந்துச்சு, அப்படியே ஆகட்டும்னு சொல்றதுக்கு?"

அவன் விழித்தான். மீன் தட்டைப் பார்த்தான். ஒன்றுமே காதில் விழுந்திருக்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை கவலைப்படாதேன்னீங்க. ஞாயித்துக்கிழமை என்னை மீனுக்கு வித்துட்டீங்க" என்றாள் அவள்.  

அதுவரை சண்டையில் கலந்துகொள்ளாத இடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அடுத்த மாசம் ஆபரேஷனா? எனக்கா?"

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

"டாக்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன்" என்றார் மாமனார். "உன் நல்லதுக்குத்தான்."

"என் முழங்கால் சமாசாரத்தையும் நான் ஜெபத்துலதான் தெரிஞ்சுக்கணுமா? மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கறேன்னு அன்னைக்கே சொன்னேனே! ஐயோ, அதுக்கு நானும் ஆமென் சொல்லித் தொலைச்சிட்டேனே!"

"நான் இந்தக் குடும்பத்துக்கு என்னைக்காவது கெடுதல் நினைச்சிருக்கேனா?"

"நினைக்கலை மாமா" என்றாள் மருமகள். "ஆனா என்கிட்ட கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. பக்கத்து நாற்காலியிலதான் உக்கார்ந்திருக்கேன். ஆண்டவரைச் சுத்திக்கிட்டு எதுக்கு வரணும்? அவர் பேரைச் சொன்னா நாங்க வாயைத் திறக்க மாட்டோம்னுதானே?"

மாமனார் கோத்த கைகளை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தார்.

கணவன் மெதுவாகச் சொன்னான். "அப்பா, நான் சொன்ன ஆமெனைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"ஆமென் என்னடா லிஃப்ட்டா, மேல போனதைக் கீழ இறக்க?"

"நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கறதுதான்பா என் வேலை. அம்மா ஆபரேஷன் வேணும்னு சொன்னா, நான் லீவு போட்டு வீட்டுல இருக்கேன். சமைக்கறது, துவைக்கறது எல்லாம். இவ வேலைக்குப் போகட்டும்."

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மனைவியின் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புக்குக் காத்திருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு பேச்சில் ஆறிவிடுகிற கோபமா இது? "இதைக் கண்ணை மூடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். கைப்பேசியை எடுத்து முதலாளியம்மாவை அழைத்தாள். அத்தனை பேர் முன்னிலையிலும், சத்தமாகவே பேசினாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எனக்குச் சம்மதம்."

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, "ரொம்ப நன்றிம்மா" என்று வைத்தாள்.

இப்போது ஜெபம் முடிந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியவில்லை. மாமனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் கரண்டியை நோக்கிக் கை நீட்டிப் பாதியில் நிறுத்தினான்.

மாமியார்தான் கண்ணை மூடினார். அந்த மேஜையில் அவர் ஜெபம் செய்து யாரும் கேட்டதில்லை.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. ஆமென்."

அவ்வளவுதான். மருமகள் முதலில் ஆமென் சொன்னாள். நாத்தனார் சொன்னாள். கணவன் சொன்னான், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுவிட்டு. மாமனார் சொல்லவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

மருமகள் பார்க்கவில்லை. மீன் தட்டை இழுத்து, நல்ல பெரிய துண்டாக ஒன்றை எடுத்து மாமியாரின் தட்டில் வைத்தாள். அடுத்ததைத் தனக்குப் போட்டுக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தாள்.