எண்ணூறு கிராம்

பல் தேய்க்கிற பிரஷ்ஷின் வாலை பிளேடால் அறுத்து எறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏழு கிராம் மிச்சம்! தேங்காய் எண்ணெய், கண் சொட்டு மருந்துக் குப்பிக்குள் போனது. மாத்திரை அட்டையில் நாலு நாளைக்கு வேண்டியதை மட்டும் கத்தரித்தேன். பதின்மூன்று வருடமாக வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவளுக்குக் கிராம் கணக்கு புதிதா என்ன? ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு இருநூறு கிராம் ஏற்ற உயிரைக் கொடுத்திருக்கிறேன். இங்கே எடையை இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏலகிரி அடிவாரத்திலிருந்து ஆறு பேர் சைக்கிளில் கிளம்புகிறோம். முதல் நாளே பதினாலு வளைவும் ஏற வேண்டும். அப்புறம் திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலை, நாலாம் நாள் ஆலங்காயம் பக்கம் இறக்கம். பின்னால் சாமான் ஏற்றிவர வேன் கிடையாது. வாணியம்பாடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஷாஹித்தான் எங்களுக்குத் தலைவன். போன வருடம் ஒரு புண்ணியவான் வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கேரியர் உடைந்து, எல்லோருக்கும் ஒரு நாள் பாழ். அன்றிலிருந்து பை ஆறு கிலோதான். ஒரு கிராம் கூடினாலும் ஆள் வீட்டுக்கு. கொக்கித் தராசில் தொங்கவிட்டே பார்ப்பான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் எனக்கென்று நான் கேட்ட முதல் நாலு நாள் இது. போக முடியாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஷாஜின் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி, சாம்பிள் செக்‌ஷன்.

"கண்ண மூடு எப்சி."

திறந்தால், பை! கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி, தேன் நிறத்தில், தடிமனான மாட்டுத் தோல். ஆறு பித்தளை பக்கிள். மெழுகு நூலில் கைத்தையல்.

"மூணு வாரமா லன்ச் டைம்ல தச்சேன். எப்டி?"

அழுதேவிட்டேன். யாருக்குச் செய்வார்கள் இப்படி! எல்லாவற்றையும் அதில் அடுக்கி, ஷாஹித்திடம் கடன் வாங்கிய தராசில் மாட்டினோம்.

"ஆறு எண்ணூறு," என்றார் ஷாஜின். "இன்னா இவ்ளோ ஜாஸ்தி? துணிய கம்மி பண்ணு."

கம்மி பண்ண என்ன இருக்கிறது, நான் பிரஷ்ஷையே அறுத்தவள்! சந்தேகப்பட்டு வெறும் பையை மாட்டினேன். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

"ஏங்க, பையே பாதி வெயிட்டு."

"தோல்னா அப்டித்தான் இருக்கும். ஆம்பூர்க்காரி ரெக்சின் மாட்டிக்கினு போனா எவன் மதிப்பான்?"

ஒரு ஷூவில் பத்து கிராம் கூடிவிட்டது என்று வெளிநாட்டுக்காரன் சொன்னால் உள் அட்டையைச் சீவிச் சீவிக் குறைக்கிற மனுஷன், இதை ஒரு தடவை எடை போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆசை வந்தால் கை நேராகத் தோலுக்குத்தான் போகும், மூளை அப்புறம்தான் வரும். அவர் முகம் தொங்கிப்போனது. ஜெபம் பண்ணும்போதும் தொங்கியே இருந்தது. எனக்கு அவர் மனசையும் நோகடிக்க முடியவில்லை, மலையையும் விட முடியவில்லை. அவர் பார்க்காத நேரம் துண்டையும் ரெயின்கோட்டையும் எடுத்து பீரோவில் திணித்தேன். அக்டோபர் மாதம் என்று தெரியாமல் இல்லை.

சைக்கிளை ஷாஹித் முன்பே வாங்கிப் போய் அடிவாரத்தில் சேர்த்துவிட்டதால் காலையில் ஸ்கூட்டரில் போனோம். அடிவாரத்து டீக்கடை வாசலில் ஷாஹித் பையைத் தொங்கவிட்டான். ஐந்து தொள்ளாயிரத்து ஐம்பது.

"சூப்பர்க்கா!"

எல்லோர் முன்னாலும் குதித்துவிட்டேன். அவன் பக்கிளைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் துழாவினான்.

"ரெயின்கோட் எங்கக்கா?"

நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன்.

"மேல மேகத்த பாருங்க. நனைஞ்சி ஜுரம் வந்தா நடுக்காட்ல நான் இன்னா பண்ணுவேன்? தப்பா நெனச்சிக்காதீங்க, அது இல்லாம இட்டுனு போவ மாட்டேன்."

நர்ஸுக்கே சொல்கிறான். என்ன செய்ய, நியாயம்தான். ஷாஜின் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பை கனம்னு வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

அவர் விறுவிறுவென்று டீக்கடைக்குள் போனார்.

"அண்ணே, பெரிய கவரா நாலு குடுங்க."

ஆறு பக்கிளையும் அவரே கழற்றினார். பையை பெஞ்சில் கவிழ்த்தார். என் துணி, டியூப், பம்பு, மாத்திரை எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் கவருக்குள் போயின. ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கித் தன்னுடைய ரெயின்கோட்டை எடுத்து மேலே வைத்து, முடிச்சுப் போட்டு, தராசில் மாட்டினார்.

"நாலு கிலோ!" என்று கத்தினார். "இன்னும் ரெண்டு கிலோ எடம் கீது! சாம்பிள் செக்‌ஷனாம், நானெல்லாம் ஒரு ஆளு!"

ஷாஹித் விழுந்து விழுந்து சிரித்தான். ஷாஜினும் சிரித்தார், கண் மட்டும் சிவந்திருந்தது. பழைய டியூபால் மூட்டையைக் கேரியரில் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் அதன்மேல் சொருகினார்.

"போய்ட்டு வா," என்றார்.

முதல் வளைவு தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. ரெயின்கோட் முழங்காலுக்குக் கீழே வரை தொங்கியது, கை விரல்கள் காணாமல் போயின. பின்னால் கவர் சரசரத்தது. எனக்கானால் பாடலாம் போலிருந்தது! இரண்டாவது வளைவில் கீழே பார்த்தேன். டீக்கடைக்குள் ஒதுங்கியிருக்க வேண்டிய மனுஷன், நான் தெரிவேனா என்று நடு ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேன் நிறத் தோல் பையை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்திருந்தார். தண்ணீர் அதன் நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது.