மூலை அலமாரியும் ஞாயிற்றுக்கிழமையும்

இந்தச் சமையலறையைக் கட்டியவன் வாழ்நாளில் ஒரு டீகூடப் போட்டிருக்க மாட்டான். ஃபிரிட்ஜைத் திறந்தால் அடுப்புக்குக் கீழே இருக்கும் டிராயர் திறக்காது. தொட்டிக்கு மேலே இருக்கும் அலமாரியைத் திறக்க வேண்டுமானால் ஜன்னலைச் சாத்த வேண்டும். இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மூலை அலமாரியை மட்டும் மன்னிக்க முடியாது. கதவு இரண்டு சாண் அகலம். உள்ளே போனால் அடுப்பு மேடைக்குக் கீழே திரும்பி, இருட்டில் எங்கேயோ போய் முடியும். என் தங்கை அதற்கு வைத்த பெயர் குகை.

குகைக்குள் என்னால் நுழைய முடியாது. நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன்; அதுவும் எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகை. தங்கை ஒல்லி. முட்டி போட்டு, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கேட்டதை எடுத்துத் தருவாள். வயதான பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அதுவரை இந்த மூன்றாவது மாடி வீட்டில் நாங்கள் இருவரும்தான். ஊரின் மறுகோடிக்குக் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அந்த வாரத்துக்கு வேண்டியதையெல்லாம் குகையிலிருந்து எடுத்து மேடைமேல் வைப்பாள். அப்புறம் டீ, அப்புறம் அவள் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் புகார், அப்புறம் பேச்சுக்குப் பேச்சு. பொழுது போவதே தெரியாது.

நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். எனக்கா அலமாரி அடுக்கத் தெரியாது? என்றைக்கோ தொடும் சாமானை உள்ளே தள்ளி, தினமும் வேண்டியதை முன்னால் வைத்தால் கதை முடிந்தது. அது முடிய வேண்டாம் என்றுதான் சனிக்கிழமை கடைவிட்டு வந்ததும் குக்கர், எண்ணெய் டின், டீத்தூள் டப்பா எல்லாவற்றையும் ஒட்டடைக் குச்சியால் குகையின் கோடிக்குத் தள்ளிவிடுவேன். வா என்று ஒருவரைக் கூப்பிட எனக்கு வராது. எடுத்துக் கொடு என்று அதட்டத்தான் வரும்.

போன மாதம் ஒரு நாள் தச்சர் ஒருவர் வந்து நின்றார். தங்கைதான் அனுப்பியிருந்தாள், கூலியும் கொடுத்துவிட்டாளாம். குகைக்குள் இழுப்புத் தட்டு பொருத்த வேண்டுமாம். ஓசை வருகிறது, மட்டம் சரியில்லை, கதவு இடிக்கிறது என்று அவரை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மனுஷன் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சரிசெய்தார்.

"இழுத்துப் பாருங்கம்மா. இனிமே நீங்க யாரையும் கூப்பிட வேண்டியதில்ல" என்றார்.

ஒரு விரலால் இழுத்தேன். கதவோடு சேர்ந்து தட்டுகள் மொத்தமும் வெளியே வந்து நின்றன. கடைசியில் கிடந்த டீத்தூள் டப்பா என் கைக்கு நேராக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பாவம், தொழில்மேல் பெருமையோடு கிளம்பிப்போனார்.

அன்று தங்கை போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரமாதம், இனிமேல் நீ மெனக்கெட்டு வர வேண்டியதில்லை என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. கைப்பழக்கத்தில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, இரண்டையும் நானே குடித்தேன். மாடிப்படியில் யார் ஏறினாலும் காது அங்கே போனது. அடுத்த வாரமும் அதே கதை. பாழாய்ப்போன தட்டில் எதையாவது சிக்க வைக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். எதை எங்கே தள்ளினாலும் சமர்த்தாக வெளியே வந்தது. இந்த வீட்டில் அவள் வந்துதான் ஆக வேண்டும் என்கிற வேலை ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசியில் போனை எடுத்தேன்.

"தட்டு கெட்டுப்போச்சாக்கா?" என்றாள் எடுத்தவுடனே.

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல. நல்லாத்தான் ஓடுது. எல்லாம் கைக்கு வருது. எனக்கு எதுவும் வேணாம். நீ வா."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். பல மாதமாக முட்டி வலியாம். குகைக்குள் குனிந்து எழுந்தால் உயிர் போய் உயிர் வருமாம். அந்த வேலை இல்லாவிட்டால் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டாவது போகலாம் என்றுதான் தட்டு போடச் சொன்னாளாம். நானே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வலி முற்றி, மாடிப்படி ஏறவே முடியவில்லையாம்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வராதேன்னுடுவே. சனிக்கிழமை நீ எல்லாத்தையும் உள்ள தள்ளறது எனக்குத் தெரியும்க்கா. டப்பா மேலெல்லாம் ஒட்டடை ஒட்டியிருக்கும்."

இத்தனை நாளும் அதைத் துடைத்துவிட்டுத்தான் மேடைமேல் வைத்திருக்கிறாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றேன்.

"எதுக்குக்கா?"

கேலியாகக் கேட்கவில்லை. காரணமில்லாமல் நான் அந்த வீட்டுப் படி ஏறியதே கிடையாது. அவளுடைய சமையலறை பெரியது, எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். எடுத்துக் கொடுக்க அங்கே எனக்கு ஒன்றுமில்லை. சும்மாத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ஒரு சாக்குதானே.

"உன்னைப் பாக்கணும்டி" என்றேன். "இங்க தனியா இருக்க முடியல."