தானியேலை வாங்க மாட்டோம்

புருஷன் தானியேலின் உடலை வாங்கிப் போக அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த ஞானப்பூவிடம், உடலை வாங்குவதில்லை என்று உறவினர்கள் முடிவு செய்துவிட்டதாக வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். உறவினர்கள் சாமியானா பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தல் தெருவின் அந்தக் கோடிவரை போயிற்று. அவர்களில் ஒருவர்கூட அவளுக்கு உறவில்லை.

"நான் அவிய சம்சாரம்" என்றாள்.

"உறவினர் பேட்ஜ் இருக்கா?" என்று கேட்டான் வாசலில் நின்ற கட்சித் தொண்டன்.

"இல்ல."

"அது தீந்துபோச்சு. பொதுமக்கள் பேட்ஜ்தான் மிச்சம் கிடக்கு."

ஞானப்பூ அதை வாங்கிக் குத்திக்கொண்டாள். கறுப்பு ரிப்பனில் தானியேலின் படம் சின்னதாகவும் மாவட்டச் செயலாளரின் படம் பெரிதாகவும் இருந்தன. மாவட்டச் செயலாளரை ஊரில் எல்லோரும் மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். படத்தில் மாவட்டம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தானியேல் மினி பஸ் கண்டக்டர். பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவனை ஒருவன் அரிவாளால் வெட்டினான். ஊரே பார்த்தது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. நிஜமாகவே பார்த்தது. பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்குமே என்று முன்னால் நின்றவர்கள் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார். கூட்டத்தில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. அவ்வளவு நாகரிகமாக நின்ற அதே ஜனம்தான் இப்போது பந்தலில் மாரடித்துக்கொண்டிருந்தது. ஞானப்பூவுக்கு அந்த மூஞ்சிகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிணவறை பந்தலுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தலைவரும் பேசி முடிக்க முடிக்க அதற்குப் போகிற நடைபாதை நீண்டுகொண்டே போயிற்று. ஒரு கட்சி இரங்கல் தெரிவித்தால் ஒரு திருப்பம் கூடியது. கண்டனம் தெரிவித்தால் படிக்கட்டு முளைத்தது. ஞானப்பூ நடந்தாள். டி.வி.யில் விவாதம் தொடங்கியபோது நடை பின்னோக்கியே ஓட ஆரம்பித்தது. விளம்பர இடைவேளையில் அது நின்றதும் அவள் ஓடிப்போய்ப் பிணவறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே தானியேல் கல்மேடையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் எல்லாக் கட்சி மாலைகளும் கிடந்தன.

"ஏட்டி, இவ்வளவு நேரமா? குளிருது."

"உங்கள வாங்க மாட்டோம்னு சொல்லுதாவ."

"யாரு?"

"சொந்தக்காரங்க."

"நமக்கு ஏதுட்டி அத்தன சொந்தம்? நம்ம கல்யாணத்துக்கே பாதிப் பந்தி காலியால்லா கிடந்தது."

"இப்ப வந்திருக்காவ."

தானியேல் கழுத்து மாலைகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டான். மாலைகளிலிருந்து பூ உதிர்ந்து தரையில் விழுந்தது.

"என்னதான் கேக்காவ?"

"வெட்டினவன அரெஸ்ட் பண்ணணுமாம்."

"அவன்தான் எல்லார் போன்லயும் வீடியோவா இருக்கானே. போயி சொல்லு. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போயிரணும். நீ என்னக் கூட்டிட்டுப் போயிருவல்லா?"

"கூட்டிட்டுப் போவேன்" என்றாள் ஞானப்பூ. அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சர்ச் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியாயிற்று. அதற்கு முன்னால் அவனை ஒரு தடவை வீட்டுக்குள் கொண்டுபோய் நடுக்கூடத்தில் கிடத்த வேண்டும். இந்த ஒன்றுக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழத் தயாராக இருந்தாள்.

பந்தலுக்குத் திரும்பி வந்தபோது முன்வரிசை நாற்காலியில் வெட்டியவன் உட்கார்ந்திருந்தான். மடியில் அரிவாள் இருந்தது. நெஞ்சில் உறவினர் பேட்ஜ் இருந்தது. கொலையாளியைக் கைது செய் என்று எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஞானப்பூ அவன் முன்னால் போய் நின்றாள்.

"கவலப்படாதீங்கக்கா" என்றான் அவன். "அவன நாங்க சும்மா விடமாட்டோம்."

"யார?"

"அண்ணன வெட்டினவன."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் ஞானப்பூவுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், இவன்தான். இவனப் புடிங்க."

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அரிவாளையும் பார்த்தார்.

"இவரு உண்ணாவிரதத்துல இருக்காரும்மா. இப்ப கைய வச்சா சட்டம் ஒழுங்கு கெட்டுரும்."

"அருவா கையிலயே இருக்கே!"

"சோகத்துல இருக்கவர்கிட்ட போயி அதெல்லாம் கேக்க முடியுமா?"

பந்தலில் இருந்தவர்கள் ஞானப்பூவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். இந்தப் பொம்பளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருகிறதா பார் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். கண்டக்டர் என்ன லேசுப்பட்டவனா, ஒன்றும் இல்லாமலா வெட்டியிருப்பான் என்று பின்வரிசையில் ஒருவர் ஆரம்பித்தார். சொல்லி முடித்துவிட்டு, தானியேல் புகழ் ஓங்குக என்று கை உயர்த்தினார்.

அப்போது அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே ரோடு போட்டார்கள். அவசரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த உறவினர்களின் மேலும் கொஞ்சம் தார் ஊற்றி உருளையை ஓட்டிவிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அமைச்சர் அவர்கள் மேல் பதவிசாக நடந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாவட்டத்துல சட்டம் ஒழுங்கு ரொம்ப நல்லா இருக்கு. இது முன்விரோதம்."

"யாருக்கும் யாருக்கும் முன்விரோதம்?" என்று மாவட்டம் எழுந்து கேட்டார். அவர் எதிர்க்கட்சி.

அமைச்சர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். முன்விரோதத்தைத் தேடிப் பார்த்ததாகவும் எங்கேயும் அகப்படவில்லை என்றும் காதில் சொன்னார். அது மைக்கில் கேட்டது.

கூட்டம் கூச்சல் போட்டது. செருப்பு ஒன்று பறந்து வந்தது. அமைச்சரின் முகம் கறுத்தது. அவர் ஞானப்பூவைக் கூப்பிட்டு, அவள் வாய்க்கு நேராக மைக்கைத் திருப்பினார்.

"உன் வீட்டுக்காரருக்கு யாரோடயாவது சண்டை இருந்துதாம்மா? பயப்படாம சொல்லு."

"அவிய ஒரு ஆளுகிட்டயும் சண்டைக்குப் போக மாட்டாவ. எங்கூட மட்டுந்தான்."

கூச்சல் நின்றது. எல்லோருடைய போனும் மேலே எழும்பியது.

"எப்போ?"

"அன்னைக்குக் காலையில. மீனு வாங்கச் சொன்னேன். கருவாடு வாங்கிட்டு வந்தாவ."

"நீ என்ன சொன்ன?"

 அந்த வார்த்தையை அன்றிலிருந்து நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால், தார் வாசனையில், அது தானாக வெளியே வந்தது.

"இனிமே வீட்டுப் பக்கமே வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு முதல் தடவையாக அழுதாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். நான் சும்மாதான் சொன்னேன், வாங்க, வீட்டுக்கு வாங்க என்று பிணவறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"முன்விரோதம்" என்றார் அமைச்சர், நிம்மதியாக.

"வாக்குமூலம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி" என்றார் மாவட்டம்.

இன்ஸ்பெக்டர் ஞானப்பூவின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். பட்டாசு வெடித்தார்கள். லட்டு கொடுத்தார்கள். ஜீப்புக்குள்ளும் ஒரு பெண் கையை நீட்டி ஞானப்பூவிடம் லட்டைக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டு அவள் மேல் துப்பினாள். அமைச்சரும் மாவட்டமும் ஆளுக்கு ஒரு பக்கம் டம்ளரைப் பிடித்து, வெட்டியவனுக்குப் பழரசம் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார்கள். நீதி கிடைச்சிருச்சு என்று அவன் டி.வி.க்குச் சொன்னான். குரல் உடைந்துபோயிற்று.

இனி உடலை வாங்கத் தடையில்லை. பிணவறை நடை ஒரே எட்டில் முடிகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. உறவினர்கள் போய்த் தானியேலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பூ அலங்கரித்த வண்டியில் உட்காரவைத்தார்கள். வெட்டியவன் பக்கத்தில் ஏறி, தானியேல் சரிந்துவிடாமல் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

தானியேல் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

"ஞானப்பூ எங்க?"

"அந்தக் கொலகாரி பேச்ச எடுக்காதீங்கண்ணே" என்றான் வெட்டியவன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாளே."

"வீட்டுக்கெல்லாம் எதுக்கு? நேரா கல்லறைக்குப் போறோம். ஊரே வருது பாருங்க."

"ஏங்க, இங்க இருக்கேன்!" என்று ஞானப்பூ ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்தச் சமயம் பார்த்து எல்லோரும் தானியேல் புகழ் ஓங்குக என்றார்கள். தானியேல் ஒரு பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டான். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. வண்டி அவர்கள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் நேராகப் போயிற்று.

ஜீப் எதிர்ப்பக்கம் போயிற்று. ஸ்டேஷன் வாசலில் நின்றதும் இன்ஸ்பெக்டர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். தன்மையாகத்தான் பேசினார்.

"எந்தக் கை?"

"என்னது?"

"ஸ்டேஷன் பாத்ரூம்ல நீ வழுக்கி விழணும். இந்த மாதிரி கேஸ்ல உள்ள வாரவங்க எல்லாரும் விழுவாங்க. மாவுக்கட்டோட ஒரு போட்டோ விட்டாதான் ஜனங்களுக்குத் தூக்கம் வரும். வலதா, இடதா?"

ஞானப்பூ இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இடது" என்றாள். "வலது கை வேணும் சார். அவியளுக்கு ஒரு பிடி மண்ணு போடணும்."

நியாயமான கோரிக்கைதான் என்று இன்ஸ்பெக்டருக்கும் பட்டது. போனை எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்ற போலீஸ்காரரிடம் விசாரித்தார். அந்தப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது.

"மண்ணு தள்ளி மூடியாச்சாம். இப்ப கூட்டம் கலஞ்சுக்கிட்டு இருக்காம்."

"அப்ப எந்தக் கைன்னாலும் சரி சார்" என்று சொல்லிவிட்டு ஞானப்பூ ஜீப்பிலிருந்து இறங்கினாள். தரை இப்போதுதான் கழுவியிருக்கிறது, பார்த்து வா என்றார் இன்ஸ்பெக்டர்.