மூன்றாம் எண்ணிக்கை

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டென்பதை அலுவலகம் மறந்து வெகுநாளாயிற்று. "மூணு தடவை" என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ஏ மூணு தடவை, டீ குடிச்சிட்டியா?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"குடிச்சேன் சார்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான்."

"அப்ப அது குடிச்ச கணக்கே இல்லையே!"

பெயரை வாங்கிக்கொண்டது அவளேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் கணினியின் ஏதோ ஒரு வேகக் கணக்கைக் கேட்டபோது, "ஒரு தடவை அளந்தா வதந்தி சார். ரெண்டு தடவை அளந்தா சந்தேகம். மூணு தடவை அளந்தாத்தான் எண்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்று சின்ன வயதில் அக்கா ஓதி ஓதி மண்டையில் ஏற்றியது அது. மாலை வகுப்பில் படித்த அளவீட்டுப் பாடம் அதற்குச் சட்டை மாட்டிவிட்டது. மேலாளருக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போய், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கூட்ட அறைச் சுவரில் ஒட்டினார். உள்ளபடி பார்த்தால் அது துணிச்சலில் பிறந்த விதி அல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், எப்போதும் குளிரடிக்கும் ஒரு கூடத்தில், பீரோ உயரத்துக்கு மெயின்ஃப்ரேம் என்கிற பெருங்கணினி ஒன்று நின்றது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. நகரத்து மனநல மருத்துவமனைகளின் நோயாளிக் கோப்புகள் எல்லாம் மறையாக்கப்பட்டு, சாவியில்லாமல் யாரும் படிக்க முடியாதபடி, அதற்குள் பூட்டிக் கிடந்தன. கிடந்தன என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒருநாள் அவை வெளியே வந்து சந்தி சிரித்தன. யார் என்ன மாத்திரை விழுங்குகிறார், யார் எப்போது கையை அறுத்துக்கொண்டார் என்பதெல்லாம் கண்டவர் கைபேசியில் ஓடியது. ஒரு பள்ளி ஆசிரியைக்கு வேலை போயிற்று. கல்யாணம் நின்றுபோன ஒரு பையன் ரயில் பாதையைத் தேடிப் போனான்.

பழி சாவிக்காரர்மேல் விழுந்தது. மறையாக்கச் சாவிகள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. "வேலியே பயிரை மேஞ்சிடுச்சு" என்று சொல்லி மேலாளர் கையைக் கழுவிக்கொண்டார். சாவிக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய பழுப்பு ஸ்வெட்டர் மட்டும் நாற்காலி முதுகில் தொங்கியபடியே இருந்தது.

அந்த ஸ்வெட்டரை வாங்கிப்போகத்தான் அவர் மனைவி வந்தாள். வந்தவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்; எடுக்கவில்லை.

"இங்கயே இருக்கட்டும். அவரு வந்து எடுத்துக்குவாரு" என்றாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "நீதானே மூணு தடவை? வீட்டுல உன்னைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. மெஷினுக்குள்ள நடக்கிறதை எல்லாம் எண்ணுற பொண்ணாமே. அவரு பண்ணலைன்னு உன் மெஷினுக்குத் தெரியாதா?"

"அது நடந்து முடிஞ்சதைச் சொல்லாதுக்கா. நாம எண்ண ஆரம்பிச்ச நேரத்துல இருந்து என்ன நடக்குதோ, அதைத்தான் சொல்லும்."

"சரி, இப்ப நடக்கிறதையாவது கேளு."

கேட்க வேண்டிய கேள்வி எது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணினியில் சாவியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று திறந்த சாவி: நினைவகத்தில் அப்பட்டமாகக் கிடக்கும், உள்ளே எட்டிப் பார்க்கத் தெரிந்த எவரும் அள்ளிக்கொண்டு போகலாம். மற்றது பொதிந்த சாவி: அதுவே மறையாக்கப்பட்டிருக்கும், வன்பொருளைத் தவிர வேறெவராலும் பிரிக்க முடியாது. இங்கே ஓடுவது பொதிந்த சாவிதான் என்பது நிறுவனத்தின் வாதம். ஆகவே திருட்டு பெட்டகத்தின் வழியாகத்தான் நடந்திருக்க முடியும், ஆகவே சாவிக்காரர். அந்த முதல் ஆணி ஆடினால் முழு வழக்கும் ஆடிவிடும்.

கணினியின் மூளையான செயலிச் சில்லுக்குள் எண்ணிகள் உண்டு. திறந்த சாவியால் ஒரு மறையாக்கம் நடந்தால் ஒரு எண்ணி நகரும், பொதிந்த சாவியால் நடந்தால் வேறொரு எண்ணி நகரும். லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டையும் அருகருகே பார்க்கலாம். மேலாளரிடம் அனுமதி கேட்டாள். அவருக்கு மகிழ்ச்சிதான்.

"தாராளமா எண்ணும்மா. விசாரணைக்கு ஒரு நல்ல எண் வேணும். ஆனா உன் முறைப்படி மூணு தடவை, சரியா?"

முதல் தடவை எண்ணினாள். பொதிந்த சாவியின் வரியில் சைபர். திறந்த சாவியின் வரியில் ஒரு எண் சோறு பொங்குவதுபோலப் பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது.

வரிகளை மாற்றிப் படித்துவிட்டோமோ என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மத்தியானம் மறுபடி எண்ணினாள். மறுபடியும் சைபர், மறுபடியும் பொங்கல். இரண்டு தடவை ஆயிற்று. இனி இது சந்தேகம். மூன்றாவதை இப்போதே எண்ணிவிடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் ஒரே நாளில் எண்ணுவது ஒரே கண்ணால் மூன்று முறை பார்ப்பதுதானே? அவளுடைய முறைப்படி மூன்றாவது வேறொரு நாளில்தான். மூன்றும் கூடாமல் எதையும் பதிந்து வைக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. திரையைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

சாவியை எடுத்துக் கோப்புகளைப் பூட்டும் நிரலை எழுதியது அக்கா. ஆமாம், ஓதி ஓதி வளர்த்த அதே அக்காதான். அம்மா போனபிறகு தலை பின்னிவிட்டவளும் அவள்தான், மாலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவள்தான். அதே அலுவலகத்தில் ஜன்னலோர மேசை. மாமாவின் சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து வீடு முழுவதும் அக்காவின் தோளில்தான் நின்றது.

சாயங்காலம் இருவரும் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உன் நிரல் பொதிந்த சாவியைத்தானே எடுக்குது?"

"வேற எதை எடுக்கும்?"

"இன்னிக்கி எண்ணினேன். ரெண்டு தடவை. திறந்த சாவிதான் ஓடுது."

அக்கா ஒரு தலையணை உறையை உதறினாள். இன்னொரு முறை உதறினாள். அது ஏற்கெனவே காய்ந்து விறைத்திருந்தது.

"எந்த மெஷின்ல பார்த்த?"

"நிஜ மெஷின்லதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சோதனை மெஷினுக்கும் அதுக்கும் பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். போன வருஷம் நீ அதுல போய் மாட்டிக்கிட்டு ஒரு நாள் பூரா தப்புக் கணக்குப் போட்டல்ல?"

போட்டிருந்தாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. பெயரைச் சரிபார்த்தோமா? பார்த்ததுபோலத்தான் இருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்ததும்கூட அப்படித்தான் ஒவ்வொரு நாளும் இருக்கும்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"மூணாவது தடவை எண்ணாம சொல்லுவேனா?"

"அதான் என் தங்கச்சி" என்று அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். கை சில்லென்று இருந்தது. "நாளைக்கு நிதானமாப் பாரு."

கீழே மாமா, "ரெண்டு பேரும் துணி எடுக்கப் போனீங்களா, துணி நெய்யப் போனீங்களா?" என்று சத்தம் போட்டார். அக்கா சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

மறுநாள் இவள் எழுந்தபோது அக்கா அலுவலகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கூட்டம் இருக்கிறதாம்.

மெஷினின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து உறுதிசெய்துகொண்டு இவள் மூன்றாவது தடவை எண்ணினாள். திறந்த சாவியின் வரியில் சைபர். பொதிந்த சாவியின் வரியில் எண் பொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள். தப்பு என்மேல்தான், அக்காமேல் இல்லை என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சை முடிக்கக்கூட அவளுடைய முறை அவளை விடவில்லை. சோதனை மெஷினுக்குள் போய் அங்கேயும் எண்ணினாள். அங்கே எண்ணிகள் தூங்கி வழிந்தன. நேற்று பார்த்த எண் இங்கிருந்து வந்திருக்கவே முடியாது. ஒரு நகரத்து மருத்துவமனைகள் மொத்தமும் சேர்ந்து உருட்டினால்தான் அவ்வளவு வரும். திரும்பி வந்து அக்காவின் நிரல் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று பார்த்தாள். இன்று காலையிலிருந்து.

புரிந்துவிட்டது. என்றோ ஒருநாள் பொதிந்த சாவி வழியில் நிரல் முரண்டு பிடித்திருக்கும். இப்போதைக்கு இருக்கட்டும் என்று அக்கா திறந்த சாவியை வைத்திருப்பாள், பிறகு மறந்திருப்பாள். பூட்டு பூட்டிக்கொண்டுதான் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இன்று காலை அக்கா அதைச் சரிசெய்துவிட்டாள். அவளுக்கு ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்தது யார்?

அன்று மத்தியானமே கூட்ட அறையில் விசாரணை நடந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது, கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். மேலாளர் ஒரு பக்கம். நிரல் எழுதியவள் என்ற முறையில் அக்கா எதிரே.

"உங்க எண்ணிக்கை என்னம்மா?"

"மூணாவது எண்ணிக்கையில பொதிந்த சாவி மட்டும்தான் சார் ஓடுது" என்றாள். மேலாளர் முகம் மலர்ந்தது. அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நேத்து எண்ணின ரெண்டு தடவையும் வேற மாதிரி இருந்துச்சு. நேத்து திறந்த சாவிதான் ஓடுச்சு."

கைக்குட்டை கீழே இறங்கியது. "பதிவு இருக்கா?"

"இல்ல சார். மூணாவது தடவைக்கு அப்புறம்தான் நான் பதிவு பண்ணுவேன்."

"சார், நான் சொல்லலாமா?" என்றாள் அக்கா. குரல் வீட்டில் சோறு போடும்போது இருக்கிற அதே குரல். "நேத்து அவ தப்பா சோதனை மெஷினுக்குள்ள போயிட்டா. சாயங்காலம் வந்து எங்கிட்டயே கேட்டா, நான்தான் திருத்தினேன். சின்னப் பொண்ணு சார், பொறுப்பா செய்வா, கொஞ்சம் பதறுவா."

"சோதனை மெஷின்ல அவ்வளவு ஓட்டமே கிடையாது" என்றாள் இவள்.

"நேத்து நான் அதுல ஒரு பெரிய சோதனை ஓட்டிட்டிருந்தேன்மா. உனக்குத் தெரியாது."

"இன்னிக்கி காலைல உன் நிரலை ஏன் நிறுத்தி ஓட்டின?"

"பராமரிப்பு. மேலாளர்கிட்ட அனுமதி வாங்கித்தான்." மேலாளர் தலையாட்டினார். எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கு நினைவிருக்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்றில் போட்டிருந்தார்.

அதிகாரி சுவரைப் பார்த்தார். பெரிய எழுத்து, பார்க்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "இது யார் சொன்னது?"

"இவதான் சார்" என்றார் மேலாளர் பெருமையாக.

"அப்ப உங்க வாயாலயே சொல்றீங்க. ரெண்டு தடவைன்னா சந்தேகம்." அவர் தும்மி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். "சரி, ஒரே கேள்வி. நேத்து நீங்க பார்த்தது நிஜ மெஷின்தான்னு உறுதியா சொல்ல முடியுமா?"

உறுதியாக. அந்தச் சொல்லைக் கேட்டதும், பூட்டு நினைவு வந்ததுபோல, பாதித் தெருவில் நின்றுவிட்டாள். பெயரில் ஒரே ஒரு எழுத்து. திரையை நினைவில் கொண்டுவந்து அந்த எழுத்தைத் தேடினாள். எழுத்து வரவில்லை. எதிரே அக்கா, பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்ணில் நீர் நின்றது. முடியும் என்று ஒரு சொல் போதும். அது தொண்டை வரை வந்து, ஒருவேளை, ஒருவேளை என்று அங்கேயே சுற்றியது.

"பரவாயில்லம்மா" என்று சொல்லி அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். மூன்றாவது எண்ணிக்கை பதிவாயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் சாவிக்காரர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பழுப்பு ஸ்வெட்டர், நாற்காலியிலிருந்து எடுத்து மடித்து வைத்தபடி. இன்று அவர் வந்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ. இவளுக்குப் பின்னால் கூட்ட அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவும் வந்தாள்.

"அக்கா" என்றாள் இவள்.

இரண்டு பேரும் ஏறிட்டுப் பார்த்தார்கள்.

அவள் பெஞ்சின் பக்கம் போனாள். "அவரு பண்ணலக்கா. நான் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"உள்ள அதைச் சொன்னியா?"

"சொன்னேன். உறுதியான்னு கேட்டாங்க" என்றாள்.

அந்தப் பெண் அவளையும், அவளுக்குப் பின்னால் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. எண்ணிப் பார்க்க அவளுக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது. எழுந்து, ஸ்வெட்டரை இவள் கையில் வைத்தாள்.

"இந்தா. அந்த ரூம் ரொம்பக் குளிரும்னு சொல்லுவாரு. நீ போட்டுக்கோ."

படியில் அந்தப் பெண் இறங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பின்னாலிருந்து அக்காவின் கை தோளில் வந்து விழுந்தது. "வா, வீட்டுக்குப் போகலாம். மாமா காத்திட்டிருப்பாரு."

அவள் அசையவில்லை. தோளில் இருந்த கை சில்லென்று இருந்தது. நேற்று மாடியிலும் இப்படித்தான் இருந்தது. இது இரண்டாவது தடவை.