ஆமை சாரும் திருவுளச் சீட்டும்

கல்லூரி வாசலில் போய் பாக்கியநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ஆமை சார்' என்று கேட்டால் வேர்க்கடலை விற்பவர்கூட வழி சொல்வார். விலங்கியல் பேராசிரியரான அவருக்கு அந்தப் பெயரில் கோபமே கிடையாது. உள்ளூரப் பெருமைதான்.

பெருமைக்குக் காரணம், ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் மணல் கொட்டி, கம்பிவலை அடித்து அவர் போட்டிருந்த ஆமைப் பண்ணை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிட மணலில் தை, மாசியில் ஆமைகள் முட்டையிட்டுப் போகும். நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடும். சார் முந்திக்கொண்டு போவார். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் உமியைப் பரப்பிய சாக்பீஸ் பெட்டியில் முட்டைகளை அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து பண்ணையில் புதைப்பார். ஐந்து வருஷமாக வெயிலில் கருத்ததுதான் மிச்சம் என்று வீட்டில் சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் தொடக்கத்தில் வனத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜூன் மாதம் அதிகாரி பார்க்க வருவாராம். பலன் திருப்தியாக இருந்தால் ஆற்றோரம் பத்து இடங்களில் இதேபோல் பண்ணை அமைப்பார்களாம். சார் அதை நாலு தரம் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த விரிவுரையாளர் பேட்ரிசியாவிடம் நீட்டினார்.

"பண்ணையில நெஜமாவே அதிகமா பொரிக்குதா சார்?" என்றாள் அவள்.

"இதென்ன கேள்வி? இங்க நூத்துக்கு இருபது பொரிச்சுது. ஆத்துல பத்துகூட இல்ல."

"ஆத்துல எந்தக் குழியை விட்டுட்டு வந்தீங்க?"

"நாய் பாதி தோண்டினதை. அதை எடுத்து என்ன பிரயோஜனம்?"

அவள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மறுத்துச் சொல்லியிருந்தால் சார் சண்டை போட்டிருப்பார். சும்மா இருந்ததால் தானே யோசிக்க வேண்டியதாயிற்று. நல்ல குழிகளையெல்லாம் தான் வாரிக்கொண்டு, கெட்டுப்போனதை ஆற்றின் தலையில் கட்டியிருக்கிறோம் என்பது சுருக்கென்று உறைத்தது.

"எந்தக் குழிக்கு என்ன செய்யறதுன்னு நாம முடிவு பண்ணினா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சுடும் சார். சீட்டு போடலாம்" என்றாள் பேட்ரிசியா, மறுநாள் இருவரும் கொள்ளிட மணலுக்குப் போனபோது. "பாதியைப் பண்ணைக்கு எடுப்போம், பாதியை அப்படியே விடுவோம்."

மணலில் வெள்ளரி போட்டிருந்த பிச்சமுத்து இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "என் வெள்ளரிக்குப் போடற மாதிரி இதுக்கும் மேல கருவேல முள்ளு போட்டு மூடுங்களேன். நாய் கிட்ட வராது" என்றார். சார் சிரித்தார். பேட்ரிசியா சிரிக்கவில்லை. அதையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பருவத்தில் இருபத்து நான்கு குழிகள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் முட்டையிட்ட மறுநாளே சீட்டு. பிச்சமுத்து தெற்கே தெரிந்த கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் சீட்டு டப்பாவில் கை விடுவார். இந்தப் பக்கம் சார் சிலுவை போட்டுக்கொள்வார்.

பதினேழாவது குழி சாரின் செல்லம். கூடைத் தட்டு அகலத்துக்கு ஒரு தாய் ஆமை, விடியற்காலையில் அவர் கண்ணெதிரே முட்டையிட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தது. அதற்கு விழுந்த சீட்டு, 'சும்மா விடு.'

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாக்பீஸ் பெட்டியோடு தனியாகக் கிளம்பிவிட்டார். மணலில் குந்திக் கை வைக்கப் போகும்போது பிச்சமுத்து வந்து குறுக்கே நின்றார். "திருவுளச் சீட்டுல விழுந்ததை மாத்தலாங்களா சார்? படிச்சவங்க நீங்க!"

"ஒரே ஒரு குழிதான்யா."

"ஒண்ணுன்னாலும் சாமி சொன்னது சாமி சொன்னதுதாங்க."

பரிசோதனையின் விதியைக் கல்லூரியில் யாரும் இவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். சார் காலிப் பெட்டியோடு திரும்பினார்.

பத்தாம் நாள் நாய்கள் பதினேழைத் தோண்டிவிட்டன. முட்டை ஓடுகள் மணலெங்கும் சிதறிக் கிடந்தன. சார் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் அழுவதைப் பார்க்கமாட்டாமல் பேட்ரிசியா குனிந்து ஓடுகளைப் பொறுக்கினாள். கடைசியில் அவரே மூக்கைச் சிந்திவிட்டு, "எழுதிக்கோங்க. பதினேழு, பூஜ்யம்" என்றார்.

வைகாசியில் குஞ்சு பொரித்த பிறகு இருவரும் ஓடுகளை எண்ணினார்கள். சும்மா விட்ட எட்டுக் குழிகளில் நூற்றுக்கு இருபது. முள் போட்டு மூடியதில் நூற்றுக்கு எழுபத்தொன்று. பண்ணையில் நூற்றுக்குப் பத்தொன்பது.

சார் திரும்பவும் எண்ணச் சொன்னார். திரும்பவும் அதேதான்.

"கரு மேல் ஓட்டோட ஒட்டி வளரும் சார். சைக்கிள்ல வரும்போது முட்டை புரண்டு கரு செத்திருக்கும்னு நினைக்கறேன்" என்றாள் பேட்ரிசியா மெதுவாக. காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு குலுக்கலும் அவருக்கு ஞாபகம் வந்தது. காப்பாற்றுகிறோம் என்று எத்தனை முட்டைகளைச் சாகடித்திருக்கிறோம் என்று ஐந்து வருஷக் கணக்கையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

ஜூனில் அதிகாரி வந்தார். பண்ணையைச் சுற்றிப் பார்த்து, "பிரமாதம் சார். பத்து இடத்துக்கும் நீங்கதான் பொறுப்பு" என்று கை கொடுத்தார். தலையாட்டினால் போதும். சார் தலையாட்டவில்லை.

"பண்ணையே வேண்டாங்க. இதையும் பிரிச்சுடப் போறேன்."

"ஏன் சார்? பின்ன என்னதான் பண்றது?"

"முள்ளு போட்டு மூடணும். அவ்வளவுதான்."

அதிகாரி வேடிக்கையென்று நினைத்தார். சார் குழிக் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுத்தார். பதினேழு உள்பட எல்லாம் அதில் இருந்தது. அதிகாரி நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். "தன்னோட திட்டம் தோத்துப்போச்சுன்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு ரிப்போர்ட் கொடுத்ததில்ல சார்" என்றார். அடுத்த மாதமே உத்தரவு வந்தது. பத்துப் பண்ணை இல்லை. ஆறு நெடுக முள் மூடி, காவலுக்குப் பிச்சமுத்துவும் இன்னும் நாலு வெள்ளரிக்காரர்களும்.

மறு வருஷம் மாசியில், பழைய பதினேழுக்குப் பத்தடி தள்ளி ஒரு பெரிய ஆமை முட்டையிட்டுப் போயிற்று. அதே தாய்தான் என்று சார் சாதித்தார். "அதுக்கு என்ன ஆதாரம் சார்?" என்றாள் பேட்ரிசியா. அவர் போய்த் தன் கையாலேயே கருவேல முள் வெட்டி வந்தார். விரலெல்லாம் கீறல்.

வைகாசியில் ஒரு நாள் விடிகிற வேளை. முள்ளுக்கடியில் மணல் அசைந்து, ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குஞ்சு தலை நீட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. பிச்சமுத்து முள்ளை விலக்கினார். சார் நோட்டை விரித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குஞ்சுகள் தண்ணீரைப் பார்த்து ஓடின. பதினாறு, பதினேழு. அங்கே குரல் நின்றுவிட்டது.

நோட்டைப் பேட்ரிசியாவிடம் நீட்டினார். "நீங்க எண்ணுங்கம்மா. எனக்குக் கண்ணு தெரியல."