மதியத்தில் முப்பத்தெட்டு செகண்டு

மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கும் தலைமை ஆசிரியைக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. "வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைங்க, போதும். யோசிக்கக் கத்துக்கொடுக்கிறேன்னு கிளம்பாதீங்க" என்று தலைமை ஆசிரியை முகத்துக்கு நேரே சொன்னாள். டீச்சர் தலையாட்டிவிட்டு வகுப்பில் தன் போக்கிலேயே போனாள்.

அந்த மாதம் அவள் கொடுத்த கணக்கு புத்தகத்தில் இல்லாதது. மதிய இடைவேளையில் குழாயடி வரிசையில் மூன்றாம் வகுப்புதான் கடைசி. பாதிப் பேருக்கு பாட்டில் நிரம்புவதற்குள் மணி அடித்துவிடும். "இதுக்கு என்ன வழி? யார் மேலயும் பழி போடாம, முதல்ல அளந்து பாருங்க" என்றாள்.

பிள்ளைகள் முதலில் சண்டைதான் போட்டார்கள். பிறகு, எல்லோரும் 'தொணதொணப்பு' என்று கூப்பிடும் குட்டைச் சிறுமி டீச்சரின் வாட்ச்சை வாங்கிப் போய் எண்ண ஆரம்பித்தாள். காலையில் ஒரு பாட்டில் நிரம்பப் பதினாலு செகண்டு. மதியம் முப்பத்தெட்டு. ஐந்து நாளும் அதேதான். தண்ணீர் எங்கே போகிறது என்று சுவரோரம் பைப்பைத் தொடர்ந்து போனவர்கள் கட்டடத்தின் பின்பக்கம் போய் நின்றார்கள். அங்கே டிரைவர் தலைமை ஆசிரியையின் காரை ஓஸ் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தார்.

தொணதொணப்பு டீச்சரிடம்கூடச் சொல்லாமல் நேரே தலைமை ஆசிரியையிடம் போய், "மேடம், உங்க காரை சாயந்திரம் கழுவினா எங்களுக்குத் தண்ணி வரும்" என்றாள்.

மறுநாள் காலை அவளுடைய அம்மாவையும் டீச்சரையும் அறைக்கு வரச்சொன்னார்கள். டீச்சரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"பிள்ளைங்களை ஏவிவிட்டு என்னை வேவு பார்க்கறீங்களா?"

"நான் கணக்குதான் கொடுத்தேன், மேடம். விடையை அவங்களே கண்டுபிடிச்சாங்க."

"திமிரைப் பாரு!"

அம்மாவும் டீச்சர் மேல்தான் பாய்ந்தாள். "லீவு போட்டுட்டு வந்து நிக்கறேன். சொல்லித்தரத் துப்பில்லைன்னா வீட்ல இருக்கணும். என் பொண்ணை எதுக்கு மாட்டிவிடுறீங்க?"

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிள்ளைகளின் நோட்டை அம்மா முன்னால் நகர்த்தினாள். கோணல்மாணலான எழுத்தில் தேதி, செகண்டு, அன்றைக்குத் தண்ணீர் கிடைக்காதவர்களின் பெயர்கள். ஐந்தில் நான்கு நாள் அந்த அம்மாவின் மகள் பெயர்.

அம்மாவின் விரல் அங்கேயே நின்றது. "நீர்க்கடுப்புன்னு ரெண்டு தடவை டாக்டர்கிட்ட ஓடினேன். தண்ணி குடிக்க மாட்டேங்கிறாள்னு அவளைத்தான் அடிச்சேன்." தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள். "உங்க கார் குளிக்கணும், என் பொண்ணு நாக்கு வறண்டு கிடக்கணுமா?"

"குரலைத் தாழ்த்துங்க!"

"மாட்டேன். மத்த அம்மாக்களையும் கூட்டிட்டு வரவா?"

அன்று மதியமே ஓஸ் பைப் சுருட்டப்பட்டது. சாயங்காலம் டீச்சர் கையில் ஒரு கடிதம்: இனி வகுப்பு கிடையாது, ஆபீஸில் பதிவேடு எழுதினால் போதும்.

"காரணத்தை எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாள் டீச்சர்.

தலைமை ஆசிரியை பேனா மூடியைத் திறந்தாள். ஒன்றும் எழுதாமலே மூடினாள். "வெளியே போங்க."

டீச்சர் மறுநாளும் மூன்றாம் வகுப்புக்கே போனாள்; யாரும் தடுக்கவில்லை. அம்மா மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. பள்ளி வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தலைமை ஆசிரியையோ, தான் ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம், டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எது சொல்வதானாலும் பியூனிடம் சொல்லியனுப்பினாள்.