சத்தமில்லாத இன்ஜின்

என் தம்பியின் பொம்மை ரயில் ஓடினால் வீடே அதிரும். கரகரவென்று அரைத்துக்கொண்டு, சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு உதை வேறு. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் எனக்கு, அந்தச் சத்தம் சாப்பாட்டில் கல் கடிபட்டது போல இருக்கும். "கொண்டாடா, சரி பண்ணித் தரேன்" என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. "ஓடுதுல்ல, விடுக்கா" என்பான். அக்காவின் கைவேலை என்றால் அவனுக்கு அவ்வளவு இளப்பம் என்று எனக்கு எரிச்சல்.

தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். என் மகளும் அதில்தான் போகிறாள். வேனை சர்வீஸுக்கு விட அவன் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு இன்ஜினைத் தூக்கிவந்து பிரித்துப் போட்டேன். நினைத்தது சரிதான். அச்சிலிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் சுற்றி வரும்போதுதான் 'டக்'. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டும் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. பித்தளைப் பல்சக்கரம் மாட்டினேன். பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைவிடச் சின்னதாய், இழுவை அதிகமுள்ள புதுசு ஒன்றை ரப்பர் துண்டின்மேல் உட்கார வைத்தேன். கிரீஸ் தடவி ஓட்டிப் பார்த்தால், பூனை நடப்பது போலப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியம் தம்பி வீட்டுக்குப் போய், இன்ஜினைத் தண்டவாளத்தின் ஓரப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் வெயில் மேசை முழுக்க விழுந்திருந்தது. தம்பி வழக்கம்போல் தண்டவாள வளையத்துக்கு முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருகினான். இன்ஜின் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"என்னக்கா, ஓடவே இல்ல?"

நக்கலடிக்கிறான் என்று நினைத்தேன். "ஆமாடா, பறக்குது."

அவன் குமிழை இன்னும் திருகினான். பிறகு, எங்கேயாவது இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத் தண்டவாளத்தைத் தடவினான். இன்ஜின் வளைவைச் சுற்றிப் பக்கவாட்டிலிருந்து நேராக அந்தக் கைக்கே வந்தது. அவன் கையை எடுக்கவில்லை. வந்து மோதியதும் நாற்காலியோடு பின்னால் துள்ளினான்.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் காதுக்குப் பக்கத்தில் ஐந்து விரலையும் விரித்து ஆட்டினேன். "தலைய திருப்பாத. என் கை தெரியுதா?"

"எந்தக் கை?"

கையை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தேன்.

"நேரா இருக்கறதெல்லாம் நல்லா தெரியுதுக்கா," என்றான். "பக்கத்துலதான் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. அந்த டக்டக்க வெச்சுதான் ரயில் எங்க வருதுன்னு பாத்துப்பேன்."

வாசற்படியில் நின்ற அவன் மனைவி உள்ளே வந்தாள். "அப்ப வேன எப்படிங்க ஓட்டுறீங்க?"

"அதுவும் அப்படித்தான்." எங்களைச் சமாதானப்படுத்துவது போல் சொன்னான். "பக்கத்துல வண்டி வந்தா சத்தம் கேக்கும்ல? இந்த பேட்டரி வண்டிங்கதான் சத்தமே போடாம வந்துடுது. அதுக்குத்தான் அக்கா, உன் பொண்ண முன்சீட்ல உக்கார வெச்சிருக்கேன். ஏதாவது வந்தா டக்குனு சொல்லிடுவா. கெட்டிக்காரி. உங்கிட்டகூட மூச்சு விடல பாரு."

என் மகளுக்கு ஒன்பது வயது.